தெற்கே வெடித்த நட்சத்திரம்

1987 மார்ச்சில் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே பேச்சு, எதிர் பிளாக் பத்மா வீட்டார் ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போவதுதான். வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்துவிட்டது என்பது இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டுமே செய்தி. பத்மா கிளம்புவதற்குள் அதை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். வேறு எதையும் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

"நம்ம சூரியனும் வெடிக்குமா?" என்றாள், குழாயடியில்.

"அதுக்கு அவ்வளவு கனம் இல்ல. கடைசியில வெள்ளைக் குள்ளனா சுருங்கி மூலையில உக்காந்துடும். எங்கப்பா ரிட்டையர் ஆனப்புறம் உக்காருற மாதிரி."

சிரித்தாள். சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்கு வருவதாகச் சொன்னாள்.

நட்சத்திரமோ மங்கல்; தெற்கே அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. தெருவிளக்குகளைப் போட்டு அணைக்கும் வேலை பார்த்த வேம்புலியிடம் போனேன்.

"நட்சத்திரம் செத்துப்பூட்ச்சா? எப்போ மாமே?"

"ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பதான் வந்து சேருது."

"கருமாதியே முட்ஞ்சிருக்குமே. இப்ப இன்னா அவசரம்?" என்றவன், என் முகம் தொங்கியதைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி, கொஞ்ச நேரம் லைட்ட அமத்துறேன். எவனாவது கேட்டா ஃப்யூஸ் பூட்ச்சுன்னு சொல்லிடு."

இருட்டியதும் மாடியில் நின்றேன். எதிரே பத்மா தங்கள் பிளாக் படியில் இறங்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருவிளக்குகள் மொத்தமாக அணைந்தன.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் யுத்தத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிப் பழகிய ஜனம் அது. யாரோ "பிளாக் அவுட் ஒத்திகை!" என்று கத்த, வீட்டு விளக்குகளும் ஒவ்வொன்றாகப் போயின. கதவுகள் சாத்தப்பட்டன. பத்மாவை அவள் அப்பா பாதிப் படியிலேயே பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்படி ஓர் இருட்டு இன்றைக்கு ஆவடியில் விலைக்குக்கூடக் கிடைக்காது. அவர்கள் பிளாக்குக்குப் பின்னால், பனைமரங்களுக்குச் சற்று மேலே, அலட்டல் இல்லாமல் நட்சத்திரம் இருந்தது.

"பத்மா! தெக்கால பாரு! பனைமரத்துக்கு மேல!"

"வாயை மூடுடா, எதிரி பிளேனுக்குக் கேட்டுடப் போவுது!" என்றார் அவள் அப்பா.

அவர்கள் வீட்டு ஜன்னல் ஒன்று லேசாகத் திறந்தது.

"தெரியுதா?" என்றேன்.

"தெரியுது. நல்லாவே தெரியுது" என்றது பத்மாவின் குரல்.

அவர்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாமே வடக்குப் பார்த்தவை. அங்கிருந்து பார்த்தால் தெரிவது எங்கள் மொட்டைமாடி மட்டும்தான்.