பழுதில்லாத தகடு

லெனோர் க்ரெனெக் கதவைத் தட்டும்போதே முடிவு கட்டியிருந்தாள்: உள்ளே இருப்பது போலி.

வேறு எப்படி இருக்க முடியும்? நிலவில் இறங்கிய கலத்தின் காலில் எழுத்துப் பொறித்த ஒரு எவர்சில்வர்த் தகடு போனது. கூடவே ஒரே ஒரு உபரித் தகடு செய்தார்கள் என்று பதிவேடு சொல்கிறது. அந்த உபரி ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. எழுத்துருவைப் பார்த்து அசல் என்று ஐந்து வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்டவள் இவளேதான். இப்போது வெண்டல் டாலிவர் என்ற பழைய பட்டறைக்காரர் அந்த உபரித் தகடு தன்னிடம் இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது நிஜமானால் இருபது வருடமாகச் சம்பாதித்த பேர் காற்றில் போய்விடும்.

"மூணு லெட்டர் போட்டேன் மேடம். இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"கிறுக்குக் கடுதாசி தினம் வரும், சார்."

"அதுல என்னுதும் ஒண்ணா?"

"மூணு."

கிழவர் சிரித்துவிட்டு ஐஸ் டீயை நகர்த்தினார். அவள் தொடவில்லை. விற்கப் பார்ப்பவன் உபசரித்தால் அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

"என்ன விலை எதிர்பார்க்கறீங்க?"

"விக்கறேன்னு யாரு சொன்னா?"

இது இன்னும் மோசம். அவள் மேஜைமேல் இருந்த தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியை வைத்தாள். நிலவுக்குப் போன தகட்டில் உள்ள அதே ஃப்யூச்சுரா எழுத்துருதான். வட்டமான ஓ, கூர்மையான எம், எல்லாம் சரி. ஆனால் ஆர் எழுத்தின் காலில் ஒரு சின்ன வெட்டு. அடுத்த ஆர், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே வெட்டு, அதே இடத்தில். அவளுக்கு உள்ளுக்குள் குஷி பிறந்தது.

"ஆர் எல்லாம் பழுது, சார். மியூசியத்துல இருக்கறதுல ஒரு கீறல்கூடக் கிடையாது."

"பழுதுதான். பித்தளை அச்செழுத்தை வச்சு, அதுல ஊசி ஓட ஓட, இந்தப் பக்கம் தகட்டுல அதே வடிவத்தை வெட்டுவோம். ஆர் அச்சை நான் கீழ போட்டுட்டேன். காலு நசுங்கிடுச்சு. கவனிக்காம வெட்டித் தொலைச்சேன். இன்ஸ்பெக்டர் சிவப்புச் சீட்டு ஒட்டிக் கழிச்சுட்டாரு. புது அச்சு வாங்கி வெட்டினதுதான் மேல போச்சு. இதை நசுக்கச் சொன்னாங்க. மனசு வரல, சாப்பாட்டு டப்பாவுல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

"கதை நல்லா இருக்கு."

"சரி, கதைன்னே வச்சுக்குங்க. பதிவேட்டுல உபரித் தகட்டைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

அவளுக்கு மனப்பாடம். எழுத்துப் பழுது, கழிக்கப்பட்டது.

"அப்ப மியூசியத்துல இருக்கறதுல என்ன பழுது மேடம்?"

அவளுக்குத் தன் பழைய அறிக்கை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் எத்தனை அழகு என்று அன்று மூன்று பக்கம் உருகி எழுதியிருந்தாள். கழித்துப் போட்ட தகடு ஏன் இத்தனை அழகாக இருக்கிறது என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கண்ணை மட்டும் நம்பிக் கெட்டாள். அவமானத்தில் காது கொதித்தது.

அவள் போனை எடுத்து அருங்காட்சியக இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"அந்தத் தகட்டை இன்னிக்கே எடுத்துடுங்க. அது போலி."

"போலியா? எந்த முட்டாள் சொன்னது?"

"அசல்னு சொன்ன அதே முட்டாள்தான்," என்றாள் லெனோர்.