பானட்டில் ஒரு பொட்டு

அலாரம் அடித்தது. சுஹாஸ் எழுந்து பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சினான். ஃபில்டரில் நேற்றைய டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தது. அதையே கலந்து குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சனிக்கிழமை என்பதால் ஷேவ் செய்யவில்லை. பால்கனியில் இருந்த இரண்டு தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றினான். ஒன்றில் செடி பட்டுப்போய் மண் மட்டும்தான் இருந்தது. அதற்கும் ஊற்றினான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு காரைப் பார்க்கக் கீழே போனான்.

தினமும் பார்ப்பதுதான். போன வாரத்திலிருந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

வெள்ளை வண்டி. பானட்டின் இடது பக்கம், கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே, அது இருந்தது. ஒரு மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமச் சிவப்பு, அதிலிருந்து விரல் வழுக்கிக் கீழே இழுத்த ஒரு வால். வண்டி வாங்கிய அன்று ஹம்சினி வைத்த பொட்டு.

அடையாறில் அவர்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில்தான் பூஜை போட்டார்கள். சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, குருக்கள் கற்பூரம் காட்டி முடித்ததும், அவள் தன் பங்குக்கு மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தாள். வெயிலில் நின்ற தகடு சுட்டதில் விரல் துள்ளி இழுத்துவிட்டது. சுஹாஸ் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். வைத்த குங்குமத்தை யாராவது அழிப்பார்களா, அதுவாக உதிரட்டும் என்றாள். அது உதிரவில்லை. கடைக் குங்குமத்தின் சாயம் ஒரு வார வெயிலில் வெள்ளைப் பெயின்ட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கழுவியபோது தூள் போயிற்று, கறை நின்றுவிட்டது. எந்தப் பார்க்கிங்கிலும் நம் வண்டியைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று அதற்கும் அவள் சிரித்தாள்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு வண்டி துடைக்கிற ஆளிடம் பானட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று அந்த ஆள் கேட்டான். அந்த ஆளும் ஃபிளாட்டில் நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பான் போல. லிஃப்டில் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

போன வாரம் ஓ.எம்.ஆரில், முன்னால் போன லாரியிலிருந்து ஜல்லி தெறித்தது. டக்கென்று ஒரு சத்தம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். பொட்டின் வாலுக்கு ஒரு விரல் தள்ளி, அரிசி அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து தகடு தெரிந்தது. ஆபீஸ் சிறுசேரியில் இருக்கிறது. தினம் அதே ரோடு, அதே லாரிகள். அன்றிலிருந்து லாரியைக் கண்டால் பிரேக்கை மிதித்தான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். ஆபீஸில் மீட்டிங் நடுவே அந்த டக் காதில் கேட்டது. ஒரு விரல் தள்ளி விழுந்தது. அடுத்தது எங்கே விழும்?

பெயின்ட் மேல் ஒட்டுகிற ஃபிலிம் ஒன்று இருக்கிறது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கல் பட்டால் அதுதான் அடி வாங்கும், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அசோக் நகரில் ஒரு கடையும் சொன்னார். இந்தச் சனிக்கிழமை காலை வண்டியை அங்கே ஓட்டிப் போனான்.

கடையை மஹ்விஷ் என்ற பெண் நடத்தினாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். வண்டியைச் சுற்றி வந்தபடியே பேசினாள், பேசியபடியே வாட்ஸ்அப்பில் யாருக்கோ பதில் அனுப்பினாள். பானட்டுக்கு மட்டும் ஃபிலிம் என்றான் சுஹாஸ். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா என்று கேட்டாள். பொட்டு பற்றிச் சொல்ல வாயெடுத்தான். ஆரம்பித்தால் முழுவதும் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றுமில்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தான்.

சனிக்கிழமைகளில் அபிராமபுரத்தில் மாமனார் வீட்டில்தான் அவனுக்குக் காலை டிபன். பத்ரிநாராயணன் வங்கியில் இருந்து ரிடையர் ஆனவர். மகளைப் பற்றி அவர் பேசுவதில்லை, இவனும் பேசுவதில்லை. அதனால் கிரிக்கெட், கார்ப்பரேஷன் தண்ணீர், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் என்று உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். வண்டி எங்கே என்று கேட்டார். ஃபிலிம் ஒட்டக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அவருக்கு முகம் மலர்ந்தது.

"நன்னாப் பண்ணினேள் மாப்பிள்ளை. நம்ம கல்யாணராமன் வண்டிக்கும் இதேதான் பண்ணினான். ஒட்டறதுக்கு முன்னாடி மெஷினை வெச்சு ஒரு பாலிஷ் போடறா பாருங்கோ, ஒரு கீறல், ஒரு கறை நிக்காது. பழைய வண்டின்னு அவனே சொன்னாத்தான் தெரியும்."

இட்லி கையிலேயே நின்றது.

போனை எடுத்தான். கடையிலிருந்து ஏற்கெனவே ஒரு செய்தி வந்திருந்தது. பானட்டின் படம், பொட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே: 'சார், இந்தக் கறை இருந்தது. கவலைப்படாதீங்க, பாலிஷ்ல சுத்தமா போயிடும்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

கை கழுவாமல் எழுந்தான். மாமியார் காபி டம்ளரோடு வந்து நின்றதையும், மாமனார் என்னவென்று கேட்டதையும் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டான். கடைக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் போன் சத்தம் கேட்காது. 'கறையை எடுக்காதீங்க' என்று டைப் செய்து அனுப்பினான். இரண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகவில்லை.

ஆட்டோக்காரருக்கு வயது அறுபது இருக்கும். ஆடித் தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது, தி. நகர் பக்கம் தலை வைக்க முடியாது, சுற்றிப் போகலாம் என்றார். சுற்றினால் லேட்டாகும், நேராகவே விடுங்கள் என்றான் சுஹாஸ். அது அவன் செய்த தப்பு. பாண்டி பஜாரைத் தாண்டியதும் வண்டிகள் அப்படியே நின்றன. கைநிறைய ஜவுளிப் பைகளோடு ஜனம் ஆட்டோவின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நடந்தது. சுஹாஸ் தலையை வெளியே நீட்டினான், உள்ளே இழுத்தான், போன் செய்தான், போனைப் பார்த்தான்.

"இன்னா சார், ஆஸ்பத்திரி கேஸா?"

"இல்ல. கார்."

"கார்ல இன்னா கீது, கொயந்தையா?"

"இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு சார் இந்த ஆட்டம் ஆடிக்கினு கீற? சீட்டு கயண்டுக்கும்."

துரைசாமி சப்வேக்குள் மறுபடியும் நின்றது. அங்கே போன் சிக்னலும் போய்விட்டது. இறங்கி ஓடலாமா என்று யோசித்தான். மாம்பலத்தைத் தாண்டி அசோக் நகர் வரைக்கும் ஓடி முடிப்பதற்குள் ஆட்டோவே போய்விடும். உட்கார்ந்திருந்தான். ஒரு பானட்டைப் பாலிஷ் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று தெரியாது. வலமிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். யாரிடம் வேண்டிக்கொண்டான் என்றும் தெரியாது. மேலே மின்சார ரயில் ஒன்று தடதடத்துப் போனது. சப்வேயை விட்டு மேலே ஏறியதும் போனைப் பார்த்தான். டிக் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

கடையில் மெஷின் ஓடவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. டியூப் லைட் வரிசையின் கீழே பானட் தண்ணீர் மாதிரி பளபளத்தது. பக்கத்தில் பொன்ராஜ் என்கிற வேலைக்காரர் பாலிஷ் பஞ்சைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டிருந்தார்.

மஹ்விஷ் உள்ளே இருந்து சிரித்தபடி வந்தாள். "நீங்களே வந்துட்டீங்களா சார்? பாருங்க, முக்காவாசி போயிடுச்சு. இன்னும் ஒரு ரவுண்டு விட்டா இருந்த இடமே தெரியாது."

சுஹாஸ் குனிந்து பார்த்தான். மஞ்சள் வட்டத்தைக் காணோம். சிவப்பு, வெளுத்த ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. கீழே இழுத்த வால் மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் பாதி.

"நிறுத்துங்க," என்றான். "இது வேணும்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் திரும்பவும் சொன்னான். இதை எடுக்க வேண்டாம், இதற்கு மேலேயே ஃபிலிமை ஒட்டிவிடுங்கள். ஃபிலிம் வருஷக்கணக்கில் நிற்கிற சமாச்சாரம், கறையோடு ஒட்டினால் கறையும் உள்ளேயே இருக்கும், பின்னால் வந்து கேட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். தெரியும் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சகஜமானாள்.

"வீட்ல மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா சார்? போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போனாரு. மறுநாள் அவங்க வீட்டம்மா வந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"அவ வெச்ச பொட்டுதான் அது."

"அப்போ நல்லதாப் போச்சு, அவங்ககிட்டயே கேட்டுடுவோம்." நம்பரை அழுத்தத் தயாராகப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அவ இல்ல."

"எப்ப வருவாங்க?"

சுஹாஸ் பானட்டைப் பார்த்தான். ஒரு வருஷமாக எல்லோரும் போய்விட்டாள் என்றார்கள், தவறிவிட்டாள் என்றார்கள். அவனும் அப்படியே தலையாட்டி வந்திருந்தான்.

"செத்துப் போயிட்டா," என்றான்.

மஹ்விஷ் போனை மெதுவாக இறக்கினாள். உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். பொன்ராஜ் பக்கம் திரும்பி மெஷின் ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, அந்த இடத்தில் துணியே படக் கூடாது, தண்ணீரை மட்டும் அடித்துவிட்டு ஒட்ட வேண்டும் என்றாள். அப்படி ஒட்டினால் சரியாகப் பிடிக்காது, ஓரம் தூக்கும் என்றார் பொன்ராஜ். "தூக்கினா தூக்கட்டும். நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பெரிய சுருளிலிருந்து ஃபிலிமை உரித்து, இருவரும் இரு முனையைப் பிடித்து, பானட்டின் மேல் ஈரமாக விரித்தார்கள். பொன்ராஜ் ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தார். பட்டை இடது பக்கம் வர வர சுஹாஸ் கிட்டே போனான். ரோஜா நிறம் இருக்கிறதா, தண்ணீரோடு ஓடுகிறதா? குனிந்தான். இன்னும் குனிந்தான். அவனை அறியாமல் கை நீண்டது.

சட்டையிலிருந்து தூசி விழுகிறது என்றார் பொன்ராஜ். உள்ளே ஒரு துகள் மாட்டினாலும் அப்புறம் எடுக்க முடியாதாம். சுஹாஸுக்கு அது காதில் விழுந்தது, கால் நகரவில்லை. மஹ்விஷ் அவனுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டாள். அதையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். பட்டை பொட்டின் அருகில் வந்து நின்றது. பொன்ராஜ் நிமிர்ந்து அவனையே பார்த்தார்.

அப்போதுதான் அவன் பின்னால் நகர்ந்தான். ஒரு அடி, இன்னும் ஒரு அடி, ஸ்டூல் காலில் இடிக்கும் வரைக்கும்.

ஹம்சினி கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்பான். பெருமாளே என்று சொன்னதாக மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்லியிருந்தாள், அவன் மறுக்கவில்லை. எமர்ஜென்சி வார்டில் அவன் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மேல் கவிழ்ந்து நின்றிருந்தான். ஊசி போட வந்த நர்ஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சினி முகத்து மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்தினாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னாள்.

"தள்ளி நில்லேன்டா. அவா வேலையைப் பண்ணட்டும்."