அதுபாட்டுக்கு ஓடும்

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டு நீச்சல்குளத்தோரம் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்சுவரில் தண்ணீரை உறிஞ்சும் துளை வாய்க்குள் குழாயைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் மகள் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. குழாய் வாய்வரை போகும், வழுக்கும், மறுபடி மிதந்து மேலே வரும். நாலு தடவை ஆகிவிட்டது.

பின்னால் மைத்துனன் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்காக அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான், பொறுக்கமுடியவில்லை.

"அத்தான், இப்ப எதுக்கு இது? எந்திரிங்க."

"அவ வரும்போது தண்ணி சுத்தமா இருக்கணும்."

மைத்துனன் நாற்காலிகள் பக்கம் திரும்பிவிட்டான்.

மனைவி நேற்று இரவு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாலு மணிக்குக் கொண்டுவருவார்கள். ஐந்து மணிக்கு எடுத்துப் போவார்கள். வீட்டுக் கூடம் சின்னது, வருகிறவர்கள் நிற்கக்கூட இடம் போதாது. அதனால் குளத்தோரம் நிழல்கூரைக்குக் கீழே பெட்டியை வைப்பது என்று மகள் முடிவு செய்திருந்தாள். முடிவு சரிதான். குளத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தரை முழுக்கக் காய்ந்த இலை, அதன்மேல் பழுப்பாக ஒரு படலம். மூன்று நாளாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குளத்தைச் சுத்தம் செய்யும் உறிஞ்சு மிஷின் குளத்துப் படியின் இரண்டாவது வளைவில் ஏறி, பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே தெரிய, சாய்ந்து கிடந்தது. அது கிடந்த இடத்தில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு ஓடு பளிச்சென்று வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் குப்பை.

அந்த மிஷின் அவர் வாங்கியது. குளம் வீட்டோடு வந்தது, எட்டடி வைத்தால் கோடி வந்துவிடும் அளவுக்குச் சின்னக் குளம். நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டி அதைத் தேய்த்துத் தேய்த்து மனைவிக்கு இடுப்பு போய்விட்டது. ஒரு நாள் நிமிர முடியாமல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, மனுஷர் ஒரு மாதம் புத்தகம் புத்தகமாகப் படித்து, ஆறேழு மாடல்களை ஒப்பிட்டு, இதைக் கொண்டுவந்து இறக்கினார். "இனிமே நீ குனியவே வேண்டாம். அதுபாட்டுக்கு ஓடும்" என்றார். பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், காபியை வாயில் வைப்பதற்குள் குளத்தங்கரைக்கு இழுத்துப் போய்விடுவார். பாருங்கள், ஆளே வேண்டாம், இலை தூசி எல்லாவற்றையும் தானே தேடித் தேடித் தின்னும், பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. பக்கத்தில் மனைவி சிரித்துக்கொண்டு நிற்பாள். வேலை பார்த்த காலம் முழுக்க ஊரில் உள்ள லிஃப்டுகளுக்குள் புகுந்து, கம்பியும் சக்கரமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். மிஷின் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஐந்தாவது தடவை குழாய் உள்ளே போயிற்று. எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். மோட்டார் 'கர்ர்' என்று கத்தியது. மிஷின் ஒரு தடவை உடம்பை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டது. எதிர்ச் சுவரில் தண்ணீர் வெளியே வருகிற துவாரத்தில் குமிழ் குமிழாகக் காற்று. அவருக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்கா இது நிற்க வேண்டும்?

உள்ளே போய் மிஷினின் கையேட்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறைகூட மங்காமல் அப்படியே இருந்தது. முதலில் மோட்டாரில் இலை சேரும் கூடையைப் பார் என்றது கையேடு. கூடையின் மூடியைத் திருகப் பார்த்தார், அசையவில்லை. மூடிக்குப் பக்கத்தில், ஆணியில், கயிறு கட்டி ஒரு மரக்கரண்டி தொங்கியது. அதை மூடியின் காதில் கொடுத்து நெம்பியதும் ஒரே திருகில் கழன்றது. போன வருஷம் இந்த மரக்கரண்டியைக் காணோம் என்று இவர் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். "எங்கேயாவது இருக்கும், விடுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கூடை நிறைய இலை. அள்ளிக் கொட்டினார், கழுவினார், மூடினார். மறுபடி 'கர்ர்'.

கையேட்டின் பின்பக்கத்தில் இருந்த எண்ணில் மணியே அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவளுடைய கண்ணாடி, செருப்பு, ஃபோன் எல்லாம் இருந்தன. ஃபோனை எடுத்துப் பார்த்தார். அவள் அதிகம் பேசியது மகளோடு. அதற்கடுத்து 'குளத்துக்காரர்' என்று ஒரு பெயர், குளம் பராமரிக்கிறவராக இருக்கும். இவர் பெயர் பட்டியலில் ரொம்பக் கீழே இருந்தது. ஒரே வீட்டில் இருப்பவரோடு ஃபோனில் என்ன பேச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குளத்துக்காரரை அழைத்தார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்கம்மா, இன்னிக்கும் படியில ஏறிக்கிச்சா?"

நல்ல உரிமையான குரல், பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். இன்ஸ்பெக்டர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தார்.

"அம்மா? கேக்குதுங்களா?"

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன்" என்றார். பிறகு, "அவங்க நேத்து ராத்திரி இறந்துட்டாங்க."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருப்பார் போல. அப்புறம் எப்படி, என்ன என்று தணிந்த குரலில் கேட்டார், இவரும் சொன்னார். நெஞ்சுவலி என்றார். குளத்தோரம் உட்கார்ந்திருந்தபோது வந்தது என்றார். சொல்லி முடித்தபின், வெட்கமாக இருந்தாலும், மிஷின் ஓடவில்லை என்பதையும் சொன்னார். நாலு மணிக்குள் ஓட வேண்டும்.

குளத்துக்காரர் சிரிக்கவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவும் இல்லை. குழாய்க்குள் காற்று இருக்கும், அதை முதலில் வெளியேற்றணும் என்றார். குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, அந்த நுனியைத் தண்ணீர் வருகிற துவாரத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். மிஷின் பக்கம் குமிழ் வருவது நின்ற பிறகு, நுனியை மேலே தூக்காமல் தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகவேண்டும். வால்வில் சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கும், கைப்பிடியை அதற்கு நேராக வைக்கணும். போய்ப் பார்த்தார். இருந்தது. நகப்பூச்சில் வைத்த பொட்டு. பழசு தேய்ந்து, மேலே புதிதாக ஒன்று வைத்திருந்தாள்.

"இனிமே ஓடும் சார். ஆனா அந்தப் படியை மட்டும் ஒண்ணும் பண்ணமுடியாது. உங்க படி வளைவாக் கட்டினது, இந்த மாடல் அதுல ஏறாம இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஏறும். ஏறினா காத்தை இழுக்கும், நின்னுடும். அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்து கால்ல தள்ளி விட்டுடுவாங்க."

"தினமுமா?"

"தினமும்தான். வேற மாடல் மாத்தித் தரேன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். வேண்டாம்னுட்டாங்க. அவர் பாத்துப் பாத்து வாங்கினது, அதுபாட்டுக்கு ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார், இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிச் சிரிப்பாங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் படிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு பிரம்பு நாற்காலி இருக்கும், எப்போதும் ஒரே இடத்தில். இப்போது இல்லை. மைத்துனன் அதையும் மற்ற நாற்காலிகளோடு வரிசையில் போட்டிருந்தான்.

மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த நாற்காலி தெரியும். தினமும் காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது பார்ப்பார். ஒரு காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். "உனக்கென்னம்மா, மகாராணி! காலை நனைச்சுக்கிட்டு உக்காந்துட்டே" என்று மேலிருந்தே கிண்டல் பண்ணுவார். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் வந்து உக்காருங்களேன்" என்பாள். இதோ என்பார். பேப்பர் முடிந்தால் டிவியில் செய்தி, செய்தி முடிந்தால் குளியல். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இறங்கிப் போயிருந்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பதினோரு வருஷமாக அவர் போகவில்லை. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை. கடைசியாக மூன்று நாளைக்கு முன்னால் கேட்டாள். இதோ என்றார்.

அவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மிஷினைக் கையால் படியிலிருந்து இறக்கிவிட்டு, குழாயைக் கழற்றி, துவாரத்தில் வைத்துப் பிடித்து, குமிழ் நிற்கும்வரை எண்ணினார். தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகினார். மோட்டாரைப் போட்டார். 'டக் டக் டக்' என்று மிஷின் உயிர் வந்து நகர்ந்தது. அந்தச் சத்தத்தைப் பதினோரு வருஷமாக மாடியில் இருந்து கேட்டிருக்கிறார். அது நடுநடுவே நின்று நின்று போனதைக் காது எப்படிக் கவனிக்காமல் விட்டது?

மூன்றரை மணிக்கு மகள் வேறொரு சட்டையோடு வந்தாள். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், மிஷினை நிறுத்தலாமே என்றாள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டார், மிஷினை நிறுத்தவில்லை.

"இது படியில ஏறி மாட்டிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

மகள் அவருடைய ஈரச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தெரியும்ப்பா. ஃபோன்ல பேசிட்டே இருப்பாங்க, நடுவுல 'இரு, உங்கப்பா மிஷின் வந்துடுச்சு'ம்பாங்க. தள்ளிவிட்டுட்டு மறுபடி பேசுவாங்க."

"மாமாவுக்கு?"

"மாமாவுக்கும் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. விருந்தாளிகளை இழுத்துவந்து அவர் பெருமை அடித்துக்கொண்டபோதெல்லாம், அவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியிருப்பார்கள். அவருக்கு அதில் கோபம் வரவில்லை. இத்தனை பேர் அவளோடு அந்தப் படியில் கூட இருந்திருக்கிறார்கள், தான் ஒருவன்தான் இல்லை என்பதுதான் உள்ளே போய்க் குத்தியது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பெட்டியை இறக்கி நிழல்கூரைக்குக் கீழே வைத்தார்கள். மூடியைத் திறந்தபோது மகள் வாய்விட்டு அழுதாள், மைத்துனன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். யாரோ தலைமுடியை வேறு பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். குளத்துத் தரை முக்கால்வாசி தெளிந்துவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். எல்லோரிடமும் தலையசைத்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்துவிட, சத்தமே இல்லாமல் போயிற்று. மிஷின் மட்டும் 'டக் டக்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. படிப் பக்கம் இருந்து 'களக்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து காற்றை உறிஞ்சுகிற இரைச்சல். வந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். மைத்துனன் மோட்டாரை அணைக்கப் பதறி எழுந்தான்.

இன்ஸ்பெக்டர் அவனைக் கையமர்த்தினார். எழுந்து, வரிசையில் தேடி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படியோரம் போட்டார். நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் தேய்ந்த குழி இருந்தது, பார்த்து அதிலேயே வைத்தார். அங்கிருந்து கையை நீட்டினால் பெட்டியின் விளிம்பு எட்டியது.

உட்கார்ந்து, வலதுகால் ஷூவைக் கழற்றினார். காலுறையை உருவி ஷூவுக்குள் வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு மிஷினை ஒரு தள்ளு தள்ளினார். முதல் தள்ளலில் போகவில்லை. அவளுக்குப் பழகிய ஏதோ ஒரு பக்குவம் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரலை அடியில் கொடுத்துச் சாய்த்தபோது இறங்கிற்று. 'டக் டக்'.

வந்தவர்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ அவரை எழுப்பிக் கூட்டிவரப் போனார்கள், மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மைத்துனன் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அத்தான், நேரமாகுதே. வரிசைக்கு வந்து உக்காருங்க."

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

"அஞ்சுக்கு."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டார். மிஷின் எதிர்க்கோடிவரை போய், சுவரில் முட்டி, கொஞ்சம் யோசித்து, படியைப் பார்த்து மெல்லத் திரும்பியது. அவர் காலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொண்டார்.