எதையும் வீணாக்காத வீடு

மனிதன் நூறாண்டு வாழப் பிறந்தவன். அவனைப் பாதி வழியில் மடக்கிக் கொல்வது அவனுடைய நாக்கு. இந்தப் பேருண்மையைப் புதுச்சேரி மக்களுக்கு எடுத்துச் சொல்லவே ராஜாங்கம் பிறந்திருந்தார். ஆனால் சாமைக் கஞ்சியில் உப்பு ஒரு கல் கூடிப்போன காலைகளில் அவருக்கு வாயைத் திறக்க மனம் வராது. மனைவி ஜெயம் வேறு கஞ்சி காய்ச்சும்வரை பேருண்மை காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை பார்த்த பஞ்சு மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இருந்தபோது அவருக்குச் சர்க்கரை வந்தது. அதை நடையாலும் பத்தியத்தாலும் மாத்திரையாலும் அடக்கினார். மாத்திரையை மட்டும் மேடையில் சொல்வதில்லை. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் அவர் நடந்தால், பின்னால் நடையாளர் நல்வாழ்வு மன்றம் முழுக்க நடக்கும். நடந்து முடித்தபின் எல்லாரையும் நிற்கவைத்து அரிசியின் தீமைகளை விளக்குவார். மன்றம் பயபக்தியோடு கேட்டுவிட்டு இட்லிக் கடைக்குப் போகும்.

அவருடைய போதனையில் இரண்டாவது கட்டளையும் ஒன்று உண்டு: உணவை வீணாக்கக் கூடாது. வீட்டில் இதை அவரே மேற்பார்வை செய்தார். குப்பை வண்டி வருவதற்கு முன் கூடையைத் திறந்து பார்ப்பார். ஒரு பிடி சோறு கிடந்தாலும் ஜெயத்துக்கு அன்று தனிச் சொற்பொழிவு. பொங்கிய சோற்றில் அவருக்கு ஒரு கரண்டி, மிச்சம் சட்டியில். பார்க்க வருகிறவர்கள் ஜாங்கிரி வாங்கிவந்தால், இதையெல்லாம் தொட்டு வருஷமாகிறது என்று சொல்லிப் பெட்டியை இரண்டு விரலால் நகர்த்துவார். அந்த நகர்த்தலைப் பார்க்கவே சிலர் வாங்கிவந்தார்கள். நாலு நாளில் பெட்டி காலியாகிவிடும். எப்படி என்று அவர் கேட்டதில்லை. கூடையில் இல்லை, அது போதும்.

அவர் சாப்பிட்டு எழுந்து பேப்பரோடு வாசலுக்குப் போன பிறகுதான் ஜெயம் தட்டை எடுப்பாள். அவர் விட்டொழித்த சோறு, வடை, ஜாங்கிரி அத்தனையும் அவள் வயிற்றுக்குள் போயின. ஆசைப்பட்டு அல்ல, கூடைக்குப் பயந்து.

ஆடி மாதம் அவளுடைய கால் கட்டைவிரலைச் செருப்பு கடித்தது. புண் ஆறவில்லை. ராஜாங்கம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொன்னார். அரைத்ததும் அவள்தான். ஓரம் கறுக்க ஆரம்பித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தரம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

ராஜாங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் ஆண்டு விழா. அவருக்கு 'நலவாழ்வு நாயகர்' பட்டம். தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது, அதில் அவர் கையில் ஒரு கேரட். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் இடத்தில் மன்றத்துப் பொருளாளர் புருஷோத்தமனின் மைத்துனி வேலை பார்க்கிறாள். நாயகர் வீட்டு அடுப்படியிலேயே சர்க்கரை என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"விழா முடியட்டும். திங்கக்கெழம நானே கூட்டிக்கினு போறேன்" என்றார்.

"நடக்க முடியலீங்க."

"நடந்தாதான் ரத்தம் ஓடும்."

மேடையில் சொல்கிற வாக்கியம். வீட்டுக்கும் பொருந்தியதில் அவருக்கு மகிழ்ச்சி.

விழாவுக்கு அவளும் வந்தாக வேண்டியிருந்தது. மனைவி இல்லாத நாயகரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விரலில் துணியைச் சுற்றி, சேலையைத் தழையக் கட்டி, முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டாள். காலாப்பட்டிலிருந்து வந்திருந்த மகள் இனியா பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் ராஜாங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புருஷோத்தமன் ஒரு தட்டில் லட்டு நீட்ட, ராஜாங்கம் இரண்டு விரலால் நகர்த்தினார். மண்டபம் கைதட்டியது. தட்டைத் திருப்பி எடுத்துப்போகக் கூச்சப்பட்ட புருஷோத்தமன் அதைக் கீழே இறங்கி ஜெயத்திடம் கொடுத்தார். மேடையிலிருந்து ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தின்றாள். காலித் தட்டைக் கண்டு அவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

பட்டம் பெற்றவர் உடற்பயிற்சியின் அவசியத்துக்கு வந்துசேர்ந்தபோது இனியாவுக்கு ஒரு வாடை அடித்தது. குனிந்து சேலையை விலக்கினாள். துணி நனைந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தவள் அம்மாவைத் தோளில் சாய்த்து எழுப்பினாள். ராஜாங்கம் மைக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம்தான், நன்றியுரை முடிந்ததும் போகலாம் என்று ஜாடை காட்டினார். இனியா ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் பொன்னாடையோடு வந்து ஏறிக்கொண்டார்.

"எல்லாருக்கும் தெரியணுமா இது?" என்றார் வண்டி கிளம்பியதும்.

"நீ பட்டம் வாங்கறவரைக்கும் அம்மா காலு அழுவிக்கினு கெடக்கணுமாப்பா?"

"விடுடி. அவருக்கு எவ்ளோ வேல" என்றாள் ஜெயம். அதைச் சொல்லும்போதே அவளுக்கு வாய் குழறியது.

ஆஸ்பத்திரியில் அவளை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இனியாவும் கூடவே போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த ராஜாங்கத்தைத் தேடி இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். சர்க்கரை கண்டபடி ஏறிக் கிடக்கிறது, பல வருஷமாக இருந்திருக்க வேண்டும், விரலை எடுத்தே ஆக வேண்டும், பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதை நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றாள். பிறகு கேட்டாள்: "அம்மா தெனமும் என்ன சாப்பிடுவாங்க?"

இதைத்தான் ஊரே அவரிடம் கேட்கும். ராஜாங்கம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். எழுந்ததும் வெந்தயத் தண்ணீர், பிறகு சாமைக் கஞ்சி, பகலில் ஒரு கரண்டிச் சோறும் இரண்டு வகைக் காயும், ராத்திரி பொழுதோடு தினை தோசை என்று வரிசையாகச் சொன்னார். தலையாட்டிக்கொண்டே வந்த டாக்டர் அவர் கழுத்திலிருந்த ஜரிகையைப் பார்த்தாள்.

"அது நீங்க சாப்பிடறது சார். அவங்க?"

அவர் உள்ளே பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

அவள் என்ன சாப்பிடுவாள் என்று ராஜாங்கத்துக்குத் தெரியாது.