இயல்பாக இருக்கப் பயிற்சி

அந்தப் பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் காலை முதல் மாலை வரை பிள்ளைகள் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார்கள். நுழைவுத் தேர்வு என்பது இந்தக் காலத்தில் அவ்வளவுதான். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்து, அதன் வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்த பிள்ளைகளுக்கு மூளை படுவேகமாக ஓடும், வாய்தான் திறக்காது. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், நாலு விடையையும் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

அதற்காகத்தான் மேல்தளம். பெரிய கல்லூரிகள் மதிப்பெண்ணோடு விடுவதில்லை. நேர்காணல் என்று ஒன்று வைத்து, வந்திருப்பது மனிதப் பிறவிதானா என்று பார்க்கின்றன. முன்பெல்லாம் பதில்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்தார்கள். கல்லூரிக்காரர்கள் உஷாராகி, "எங்களுக்கு இயல்பான பிள்ளைகள்தான் வேண்டும்" என்று அறிவித்துவிட்டார்கள். மைய முதலாளி அசருகிற ஆளா? மறுநாளே வாசலில் பலகை தொங்கியது: 'இயல்பாக இருக்கச் சிறப்புப் பயிற்சி. இடங்கள் குறைவு.' அதை நடத்தும் பொறுப்பு ஆங்கில ஆசிரியை ஒருத்தியின் தலையில் விழுந்தது. பிள்ளைகள் அவளுக்கு 'இயல்பு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இயல்பை எப்படிச் சொல்லித் தருவது? மேடத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். எதைக் கேட்டாலும் அந்தப் பெண் உடனே பதில் சொல்ல மாட்டாள். காது மடலைப் பிடித்து இழுப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், "தெரியலயேம்மா... இரு, யோசிச்சு சொல்றேன்" என்பாள். கேட்டவரே கேள்வியை மறந்துபோன பிறகு பதில் வரும். வந்தால் லேசுப்பட்டதாக வராது, ஆளை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும். இதைவிட இயல்பான பிள்ளை எங்கே கிடைக்கும்? மேடத்துக்குப் பொறி தட்டியது.

அப்புறமென்ன, காது மடலுக்கு ஒரு வாரம், ஜன்னலுக்கு ஒரு வாரம், "தெரியலயே சார், யோசிச்சு சொல்றேன்" என்பதற்கு இன்னொரு வாரம் என்று பாடத்திட்டம் தயாராகிவிட்டது. "ரூம்ல ஜன்னலே இல்லைன்னா என்ன மேடம் பண்றது?" என்று ஒருவன் சந்தேகம் கேட்டான்.

"செவுத்தப் பாரு. ஆனா ஜன்னலப் பாக்குற மாதிரி பாரு" என்றாள் மேடம். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

நமக்குச் சிரிப்பு வரலாம். அந்த வருஷம் நேர்காணலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இடம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முதலாளி பூரித்துப்போய் மேடத்தின் படத்தைப் பலகையில் ஏற்றினார். மகளிடம் மட்டும் மேடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வகுப்பு, தன் பிள்ளைக்கு மட்டும் தேவையே இல்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

மகளுக்கு நிலவியல் படிக்க வேண்டும். சின்ன வயசிலிருந்து கல்லும் பாறையும்தான் அவள் உலகம். அந்தப் படிப்பு இரண்டே கல்லூரிகளில்தான் இருந்தது. அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள், முதல் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வெளியே மற்ற பெற்றோர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, மேடம் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன வேகத்தில் மகள் திரும்பி வந்தாள்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"பாறை மேல ஏன் இவ்வளவு ஆசைன்னு கேட்டாங்கம்மா. யோசிச்சு சொல்றேன்னேன். ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"காதுலேர்ந்து கைய எடு பாப்பா, நீ எந்த சென்டர்லேர்ந்து வர்றேன்னு கேட்டாங்க. எங்கயும் போகலன்னேன். காலைலேர்ந்து வந்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க." அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் என்னம்மா நடிச்சேன்?"

மேடம் பேருந்தில் போகும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகள் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. காதை நோக்கிப் போன கையைப் பாதியில் இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் சுபாவத்தை விற்றுத் தின்றுவிட்டோமே என்று மேடம் வீடு வரும்வரை மனசுக்குள் அழுதாள்.

ஆனால் அழுதால் இடம் கிடைக்குமா? இன்னொரு கல்லூரி பாக்கி இருக்கிறது. அதுவும் போனால் மகளுக்கு நிலவியல் கிடையாது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே வகுப்பை ஆரம்பித்தாள். இந்த முறை பாடம் தலைகீழ். கேள்வி முடிவதற்குள் பதில் வர வேண்டும், கை முழங்காலில் இருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் தலை திரும்பவே கூடாது, பல் தெரியச் சிரிக்க வேண்டும். கை காதுக்குப் போகும்போதெல்லாம் மேஜையில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டினாள். மகள் முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பாறைகள் வேண்டியிருந்தன.

இரண்டாவது கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. "காதப் பிடிக்காத ஒரு பிள்ளையை இன்னைக்குத்தான் பாக்குறோம், எவ்வளவு இயல்பா பேசுறா!" என்று தேர்வுக்குழுத் தலைவர் வாசல்வரை வந்து மேடத்தின் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மேடம் மகளைக் கட்டிக்கொண்டாள். "நினைச்ச படிப்பு கிடைச்சிருச்சு. சந்தோஷமாடி?"

"ரொம்ப சந்தோஷம்மா! இது எனக்குக் கிடைச்ச நல்ல வாய்ப்பு." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பல் தெரிந்த சிரிப்பும் கூடவே வந்தது.

மேடத்துக்குத் திக்கென்றது. "ஏய், நான் உங்கம்மாடி. என்கிட்டயாவது இயல்பா சொல்லு."

மகள் சிரிப்பை மாற்றாமல் அவளைப் பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த இயல்பும்மா? பழசா, புதுசா?"