ஒரு பெயரும் இரு மைந்தரும்

வடக்கே தாழ்ந்து கிடந்த குன்றுகளின் தோள்களிலிருந்து பனிமூட்டம் மெல்ல நழுவி, உழுது புரட்டிய கழனிகளின் சால்களில் சிந்திய பால்போல் சிறிது நேரம் தங்கி, பின் அதுவும் உலர்ந்து மறைந்த முற்பகல் வேளை அது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மண்ணே. கரும்பழுப்பும் செம்பழுப்புமாய், உதறி விரித்த துணியைப்போல் ஏறியும் இறங்கியும் கிடந்த மண். அம்மண்ணின் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, தலையில் செந்நிறம் பூசிய முழ உயர முளைக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றப்பெற்றிருந்தன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவை பூவரிசையாகத் தோன்றியிருக்கலாம். அந்நிலத்தை உழுது உண்டு வாழ்ந்த குடும்பத்தார்க்கோ, அறுப்பதற்கு முன் உடலின்மேல் மருத்துவன் இட்டுவைத்த கோடாகவே தோன்றின.

கால்வாய் ஒன்று வரவிருந்தது. மறுநாள் காலையில் மண் அள்ளும் பொறிகள் வந்து இறங்கும் என்றும், முளைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் முன்னோரைப் புதைத்த இடம் ஏதேனும் இருப்பின், அதனை இன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியலில் எழுதித் தந்துவிட வேண்டும் என்றும், எழுதப்பட்டோரைத் தக்க மதிப்போடு அகழ்ந்தெடுத்துப் பொது இடுகாட்டில் சேர்ப்போம் என்றும் அறிவிப்பு வந்து இருபது நாள்கள் ஆகியிருந்தன. எழுதப்படாதோர் என்ன ஆவர் என்பதை அறிவிப்பு உரைக்கவில்லை. உரைக்கத் தேவையும் இல்லை, படிப்பவரே. பட்டியலில் இல்லாதது எதுவாயினும் அது வெறும் மண், வெறும் மண்ணைப் பொறி அள்ளும்.

அந்த இருபது நாள்களும் உறக்கம் கெட்டு அலைந்தவள் அக்குடும்பத்தின் மூத்த மகள். நகரத்தில் தையற்கடை வைத்திருந்த அவள், கடையைப் பூட்டிவிட்டு, அளவு வெட்டப் பயன்படும் பழுப்புத்தாள் சுருள் ஒன்றோடு பிறந்த வீடு வந்து சேர்ந்தாள். கூடத்துத் தரையில் அத்தாளை விரித்து, தையற்சுண்ணத்தால் ஐந்து தலைமுறையை வரைந்தாள். காடு திருத்தி முதன்முதல் ஏர் பூட்டியவன், அவனுடைய இரு மனைவியர், பிள்ளைப்பேற்றில் இறந்தவள், ஏணியிலிருந்து விழுந்தவன், எவரோடும் பேசாதிருந்தே எண்பது ஆண்டு வாழ்ந்தவன், இறுதியாக அவளைப் பெற்ற தாய் என ஒவ்வொருவர்க்கும் ஒரு கோடு இட்டு, கோட்டின் நுனியில் ஓர் இடத்தைத் தேடினாள். வேலியோரத்துப் புல் ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சையாய்த் தழைத்திருப்பதை ஒரு நாள் கண்டாள். மரத்தடிக் கற்குவியலில் மனிதர் கை அடுக்கிய ஒழுங்கு இருப்பதை மறுநாள் கண்டாள். மழை பெய்த பின் நீர் தேங்கி நிற்கும் ஆள்நீளப் பள்ளங்கள் இரண்டை அடுத்த கிழமை கண்டாள். இவ்வாறு பத்துக் கோடுகளுக்குப் பத்து இடங்கள் அமைந்தன. அமைந்த பின்னும் அவள் மனம் அமையவில்லை. துணியைச் சரியாக அளந்து வெட்டிய பின்னும், எங்கோ ஒரு விரற்கடை தவறிவிட்டதோ என்று மீண்டும் நாடாவை எடுக்கும் கை அவளுடையது.

"அக்கா வந்தாலும் வந்தா, செத்தவங்களைக்கூட நிம்மதியாத் தூங்க விடமாட்டேங்கிறா" என்று நகைத்தான், நிலத்தை உழும் அவள் தம்பி.

"நாளைக்கு மிஷின் வந்து எழுப்பறதுக்கு, இன்னிக்கு நான் எழுப்பறது மேல்டா" என்றாள் அவள்.

அவர்கள் தந்தை இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. எழுபது அகவை கண்ட அம்முதியவரை ஊரார் 'புதுசு' என்று அழைத்தனர். "புதுசு எப்பப்பா பழசாகும்?" என்று எவரேனும் கேட்டால், "கேரண்டி இன்னும் முடியலையே" என்று விடைகூறி அவர் கடந்துபோவார். அப்பட்டப்பெயர் எவ்வாறு ஒட்டியது என்று கேட்டவர் இல்லை. மகள் தரையில் தாளை விரித்தது முதல் அவர் கூடத்து வழியே நடப்பதையே விடுத்து, கொல்லைப்புறக் கதவால் போய்வந்தார். கால் பட்டுச் சுண்ணக்கோடு அழியலாகாது என்று எண்ணுகிறார் போலும் என்று மகள் கருதினாள்.

இறுதி நாளாகிய அன்று, இறந்த ஆண்டுகளை ஒத்துப்பார்த்துவிட எண்ணி, அவள் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்குச் சென்றாள். தூசு படிந்த பலகணி வழியே வெயில் சாய்ந்து விழுந்த நீண்ட அறை. உயரமான இரும்புத் தட்டுகள். முதுகு கிழிந்த பேரேடுகள். பதிவேட்டுக் காப்பாளர் பருத்த மனிதர். பக்கங்களைப் புரட்டும் விரல் மட்டும் மெல்லியது. பத்துப் பெயர்களும் ஒத்துவந்தன. ஏட்டை மூடப்போன விரல் நின்றது.

"உங்கப்பா பேரு இதுதானம்மா?"

"ஆமாங்க."

"இருக்காரா?"

"காலையில என்கூடத்தான் உக்காந்து சாப்பிட்டாரு."

"நல்லாப் பாத்தீங்களா? இங்க அவரு செத்து எழுபத்தோரு வருஷம் ஆகுது."

சிரிப்புக்காகச் சொன்ன அச்சொல் அறையில் வீழ்ந்து, சிரிப்பில்லாமலே கிடந்தது. அவள் முகம் வெளுத்ததைக் கண்டு அவர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். "கோவிச்சுக்காதம்மா. வயசைப் பாரு. நாலு. உங்கப்பா எப்பப் பொறந்தாரு? இது நடந்து பதினோரு மாசம் கழிச்சு. மூத்த புள்ளை போயிட்டா, அதே பேரை அடுத்ததுக்கு வெச்சிருவாங்க. பாட்டன் பேரு சும்மா கிடக்கக் கூடாதுன்னு."

அவள் அவ்வரியைப் படித்தாள். தந்தையின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், காய்ச்சல், சொந்த நிலத்தில் அடக்கம். ஒரே பெயரில் இருவர் இருந்தமையால், அவள் வரைந்த ஐந்து தலைமுறையில் இருவர் ஒரே கோடாகிப்போயிருந்தனர். தவறிய விரற்கடை அதுதான். இருபது நாள்களாய் அவளை உறங்கவிடாதிருந்த அந்தப் பெயரில்லா அச்சத்துக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதுவோ தன் தந்தையின் பெயராகவே இருந்தது.

ஊர்தியில் திரும்பிய வழியெல்லாம் அவள் நிலத்தையே மனத்துள் துழாவினாள். நான்கு அகவைப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அவள் கடையில் அவ்வகவைச் சட்டைக்கு ஒன்றேகால் முழத் துணி போதும். அத்துணை சிறியதைப் பரந்த மேட்டு நிலத்தில் எங்கே தேடுவது? வீட்டை அடைந்தபோது மணி மூன்றைக் கடந்திருந்தது. உழுபொறியின் சக்கரத்திலிருந்து சேறு சுரண்டிக்கொண்டிருந்த தம்பியிடம் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுரண்டுவதை நிறுத்தினான்.

"அப்பாவுக்கு அண்ணனா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நிலத்துல எங்கயாவது உழாம விட்ட இடம் இருக்கா? நல்லா யோசிடா."

"உழாம விட்டதுன்னு எதுவும்..." என்று தொடங்கியவன் இடையில் நிறுத்தினான். "மேட்டுல, அந்த ஏழாவது குச்சிக்குப் பக்கத்துல, ஒரு பாய் அகலத்துக்குக் கலப்பைக் கொழுவைத் தூக்கிடுவேன். அடியில பெரிய கல்லு கிடக்கு, உடைஞ்சிரும்னு அப்பா சொல்லிருக்காரு. நானும் இருபது வருஷமா தூக்கித் தூக்கி இறக்கிக்கிட்டிருக்கேன்."

இருவரும் ஓடினர். நேராக வந்த சால்கள் யாவும் அவ்விடத்தில் மட்டும், உறங்குவோரை எழுப்பாது விலகி நடப்பார்போல் மறைந்து, அப்பால் மீண்டும் தோன்றின. தம்பி நீண்ட இரும்புக்கம்பியை எடுத்து ஊன்றினான். கம்பி தடையின்றி இறங்கிற்று. ஒரு சாண் தள்ளி ஊன்றினான், இறங்கிற்று. பத்து இடங்களில் ஊன்றியும் கல் தட்டுப்படவில்லை. அவள் அவன் கையைப் பற்றினாள். "போதும்டா, குத்தாதே!"

நில அளவர் நான்கு மணிக்கே வந்து, பெயர்ப்பட்டியலோடு வரப்பில் அமர்ந்திருந்தார். பிள்ளையின் பெயரை எழுதி, 'உறவு' என்னும் இடத்தில் சிறிது தயங்கி, 'பெரியப்பா' என்று அவள் நிரப்பித் தந்த தாளை அவர் இருமுறை படித்தார்.

"நாலு வயசுல பெரியப்பாவா?"

"நாலு வயசுலயே நின்னுட்டாருங்க. நாங்கதான் வளர்ந்துட்டோம்."

அளவர் நகைக்கவில்லை. நல்லவர், ஆயினும் விதிக்குக் கட்டுப்பட்டவர். "ஏடு இருக்கு, சரி. ஆனா இடம் இதுதான்னு யாரு சொல்றது? கல்லும் இல்ல, மேடும் இல்ல. வீட்டுல மூத்தவங்க யாராவது நேர்ல வந்து காட்டணும். அஞ்சு மணிக்கு நான் மூடிருவேன்மா. எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

தந்தை கருவிக்கொட்டகையில் இருந்தார். கத்தரிக்கோல் ஒன்றுக்கு எண்ணெய் இட்டு, துடைத்து, மீண்டும் எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தார். அவள் வாயிற்படியில் நின்று சொல்லி முடித்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"அங்க கல்லுதான் கிடக்கு."

"கம்பி விட்டுப் பாத்தோம்ப்பா. கல்லு இல்ல."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா என்னை ஒரு தடவைகூடப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றார் அவர். "புதுசு, புதுசுன்னுதான். பேரைச் சொன்னா எந்தப் புள்ளை திரும்பிப் பாக்குமோன்னு அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். சின்ன வயசுல யாராவது பேரு சொல்லிக் கூப்பிட்டா, பின்னாடி இன்னொருத்தன் நிக்கிறானான்னு பாத்துட்டுத்தான் போவேன்."

"அப்பா, மணி ஆகுது."

"அவனுக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதாம்மா. அதை நான் எடுத்துக்கிட்டேன். அவன் கட்டில், அவன் சட்டை, எல்லாம். இப்ப அவன் பேருன்னு எழுதிட்டா..." எண்ணெய்த் துணியை மடித்தார், மேலும் மடித்தார். "எழுபது வருஷம் இங்க இருந்தது யாரு?"

அவள் திரும்பி வயலை நோக்கி நடந்தாள். ஒருவனை மண்ணிலிருந்து மீட்பதற்காக மற்றொருவனைத் தன் பெயரிலிருந்து வெளியே தள்ளுகின்றேனோ என்ற ஐயம் ஒவ்வோர் அடியிலும் அவள் காலைப் பின்னிற்று. உயிரோடிருப்பவர்க்கு இழைக்கும் நோவு பெரிதா, இறந்தவர்க்கு இழைக்கும் மறதி பெரிதா என்று நிறுத்துப் பார்க்கத் துலாக்கோல் எங்கும் இல்லை. அவள் கையிலோ எழுதி முடித்த ஒரு தாள். எதிரே, கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அளவர்.

ஐந்தடிக்கப் பத்து நிமிடங்கள் இருந்தபோது, "அக்கா" என்றான் தம்பி.

சால்களின் குறுக்கே, விழாமல் இருக்கக் கைகளை இருபுறமும் சிறிது விரித்தபடி, முதியவர் வந்துகொண்டிருந்தார். வந்தவர் எவரையும் நோக்காது, உழவு படாத அத்துண்டின் விளிம்பில் நின்றார். பின்பு அதனைச் சுற்றி நடந்தார். மெல்ல, ஓரடி முன் ஓரடியாக, அவர் கால்கள் மண்ணில் ஒரு சிறு நீள்சதுரத்தை வரைந்தன. அது பாய் அகலம்கூட இல்லை.

"நீங்க நேர்ல பாத்தீங்களா, ஐயா?" என்றார் அளவர்.

"நான் அப்பப் பொறக்கல."

"அப்புறம் எப்படி இவ்வளவு சரியா..."

"நடை பழகுறப்ப எங்கம்மா இதுக்குள்ள மட்டும் என்னைக் கால் வைக்க விடமாட்டா. சுத்திதான் போகணும். அந்தப் பழக்கம்."

அளவர் எழுந்து, பையிலிருந்து முளைக்குச்சி ஒன்றை எடுத்து, தாமே குனிந்து ஊன்றினார். பட்டியலில் பதினொன்று என்று எழுதி, அதன் எதிரே சான்றுரைப்பார் ஒப்பமிடும் இடத்தைச் சுட்டினார். முதியவர் அங்கே தம் பெயரை எழுதினார். இறந்தவர் பெயரும் ஒப்பமிடுபவர் பெயரும் ஒன்றாயிருக்கக் கண்டு அவர் வாய் திறக்கப்போனார். திறக்காமலே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், பொறிகள் தொலைவில் முனகிக்கொண்டு காத்திருக்க, பணியாளர் இருவர் மண்வெட்டியால் அவ்விடத்தை அகழ்ந்தனர். இடுப்பளவு ஆழம் சென்றும் எலும்பு இல்லை, துணி இல்லை, மரத்துண்டும் இல்லை. எழுபத்தோர் ஆண்டுகள் ஒரு பிள்ளையின் உடலைக் கரைக்கப் போதும். செம்பழுப்பு மண்ணுக்கு நடுவே, இரண்டு முழ நீளத்துக்குச் சற்று மேற்பட, கருமையும் மென்மையுமான மண் மட்டும் ஒரு நிழல்போல் படிந்திருந்தது. "இதுவா பெரியவரே?" என்று பணியாளன் ஐயத்தோடு நிமிர்ந்தான். அது பிள்ளைதானா, அன்றி மண்ணின் இயல்பான மறுவா என்று துணிந்துரைப்பார் எவரும் அங்கு இல்லை.

முதியவர் குழியின் விளிம்பில் முழந்தாளிட்டார். மண்வெட்டியை ஒதுக்கச் சொன்னார். இரு கைகளையும் குவித்து, அக்கரிய மண்ணை அள்ளி அள்ளிச் சிறு பெட்டியில் இட்டார். அள்ளும்போது, நான்கு அகவையிலேயே நின்றுவிட்ட அம்மைந்தனை நோக்கி, வழித்துணைக்கு வரத் தயங்கும் ஒருவரை அழைக்கும் குரலில் சொன்னார்:

"வாண்ணே. எந்திரிண்ணே, போலாம்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் திருப்பவில்லை.

பதினொரு பெட்டிகளை ஏற்றிய வண்டி வரப்பில் ஏறியபோது, மிகச் சிறிய பெட்டி குலுங்காதிருக்க அதன்மேல் கைவைத்து உடன் சென்றார் முதியவர். பின்னால் பொறிகள் இறங்கின. நேற்றுவரை பெயர்கள் கிடந்த நிலம் வெறும் மண்ணாயிற்று. மாண்டவர் பெயரை மற்றொருவர் ஏற்று வாழ்தல் பழியன்று, படிப்பவரே; ஏற்றவர் அதனைத் தந்தவரை ஒருமுறையேனும் உறவுமுறை சொல்லி அழைக்கும் மட்டும் இருவருமே இளைப்பாறுவதில்லை, அவ்வளவே. அந்த அழைப்பு உரிய இடத்தில்தான் கேட்டதா, அன்றி ஊமை மண்ணில் விழுந்து போயிற்றா என்பதை எவரும் அறியார். அறியாமலே அழைப்பதும், அறியாமலே சுமந்து செல்வதும் எஞ்சியிருப்போர்க்கு விதிக்கப்பட்டவை.