ஆக்டோபஸ் பேசவில்லை

வெண்டெல் கிரப் காஸ்மோராவுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அந்த இடத்தைப் பற்றி அவரால் அவ்வளவு விவரமாகப் பேச முடிந்ததற்கு அதுதான் காரணம்.

வியாழக்கிழமை மாலையானால் கிஸ்ஸிம்மி ஊரில் தன் வீட்டு கார் ஷெட்டில், இணையத்தில் பார்க்கிறவர்களுக்காகக் கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கம் வில்லோமூர் என்ற கேளிக்கைப் பூங்கா: கோட்டை, ஏரி, ஏரியைச் சுற்றி விடுதிகள், நீலச் சட்டை போட்ட அணில். இன்னொரு பக்கம் நெடுஞ்சாலைக்கு அந்தாண்டை புதிதாக முளைத்த போட்டிப் பூங்கா காஸ்மோரா: ராக்கெட், ரோலர் கோஸ்டர், வேற்றுக்கிரக ஜந்துக்கள். இரண்டையும் எடை போட்டு, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று ஊருக்கும் உலகத்துக்கும் சொல்வதுதான் அவர் வேலை. குப்பைத் தொட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒப்பிட்டார். அங்கே விற்கிற வறுத்த வான்கோழிக் கால்களை ஒப்பிட்டார். கழிப்பறையில் என்ன பாட்டுப் போடுகிறார்கள் என்பதைக்கூட ஒப்பிட்டார். ஒரு வாரம் காஸ்மோராவின் கார் நிறுத்துமிடம் வரைக்கும் போய், காரைவிட்டு இறங்காமலே, தார் சரியில்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். தீர்ப்பு மட்டும் மாறவே மாறாது. "காஸ்மோரா போய்ப் பாக்கத் தகுந்த இடமா? இல்லவே இல்ல. அணிலோடயே இருங்க மக்களே!"

மக்களும் இருந்தார்கள். வில்லோமூர் விசுவாசிகள் சங்கம் என்று ஒன்று வைத்து, சனிக்கிழமை காலைகளில் பான்கேக் கடையில் கூடி, சென்ற வாரம் பார்த்த அதே ஊர்வலத்தைப் பற்றி இந்த வாரமும் பேசினார்கள். வெண்டெல் தலைவர். க்ளெண்டா என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவ உதவியாளர் துணைத் தலைவி. காஸ்மோராவின் வாசலைத் தாண்டுகிறவர் சங்கத்தில் இருக்க முடியாது என்று விதி போட்டவர் வெண்டெல். அதைக் கை தட்டி வரவேற்றவர் க்ளெண்டா.

கொள்கை என்று வந்துவிட்டால் வெண்டெல் கறார் பேர்வழி. ஒருமுறை வில்லோமூரில் அணில் ஒரு குழந்தையின் காலை மிதித்துவிட்டு, பதற்றத்தில் 'ஸாரி' என்று சொல்லிவிட்டது. வேஷத்துக்குள் இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் விதி. வெண்டெல் நேரே மேலாளரிடம் போனார். "அணில் ஸாரி சொல்லாது சார்," என்றார். அந்த அணில் இப்போது வீடு வீடாகப் பீட்சா கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் கனவைக் காப்பாற்றியதாக வெண்டெல் ஒரு வியாழக்கிழமை முழுக்கத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கோரின் என்று ஒரே மகள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, ஏதாவது ஒரு வேஷத்துக்குள் புகுந்து குழந்தைகளைக் கட்டிக்கொள்வது. வில்லோமூரில் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். அணிலுக்கு உயரம் அதிகம், கரடிக்கு உயரம் குறைவு என்று அனுப்பிவிட்டார்கள். காஸ்மோரா மறு பேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டது. அந்த வாரம் வெண்டெல் கேமராவைப் பார்த்து, "சில பேர் சம்பளம் குடுத்தா எந்தத் தோலை வேணும்னாலும் போட்டுக்குவாங்க," என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், இரண்டு வருடமாக அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மனைவி லோரெட்டா பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு அவளுக்கு இங்க கடைசி நாள். ஞாயித்துக்கிழமை டெக்சாஸ் கிளம்புறா. அங்க அவங்க கம்பெனி புதுசா ஒரு பார்க் திறக்குது. வேஷம் போடறவங்களுக்குப் பயிற்சி குடுக்கற வேலையாம்."

"போகட்டும்."

"நீங்க ஒரு தடவை வந்து பாத்தா போதுமாம். வரலைன்னா அங்கேருந்து போன் பண்ண மாட்டாளாம். எனக்குப் பண்ணுவா. உங்களுக்குத்தான் மாட்டா. இனிமே எப்பவுமே."

வெண்டெல் இறைச்சி வெட்டுவதை நிறுத்தினார். "எந்த வேஷமாம்?"

"சொல்லக்கூடாதாமே."

"சொல்லக்கூடாதுதான்," என்றார். இந்த ஒரு விஷயத்தில் காஸ்மோராவைக் குறை சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை.

"'உக்காந்த எடத்துலேருந்தே ஊரையெல்லாம் ஒப்பிடறாரே, பெத்த பொண்ணை அவரால கண்டுபிடிக்க முடியாதா?'ன்னு கேட்டா. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அங்க போய் அவளைப் பேச வெச்சிடாதீங்க. அவ மேல ஒரே ஒரு புகார் வந்தாலும் டெக்சாஸ் வேலை போயிடும்."

"எங்கிட்டயே சொல்றியா, வேஷத்துல பேசக்கூடாதுன்னு?"

"ஆமாமா. பீட்சாக்காரரைக் கேட்டா சொல்லுவாரு உங்க பெருமைய."

சனிக்கிழமை காலை, பல் வலி என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு குளியலறைக்குள் போய், ஊரே அறிந்த தன் மீசையை மழித்துவிட்டு வெளியே வந்தார். லோரெட்டா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எடுங்க எடுங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன். எனக்காக எடுக்கல. ஒரு பார்க்குக்காக எடுத்திருக்கீங்க."

"பார்க்குக்காக இல்ல," என்று முனகிவிட்டு, மீன்பிடிக்கிற தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கிளம்பினார்.

காஸ்மோரா அவரை மிகவும் கோபப்படுத்தியது. வாசலில் நிழல் இருந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு மேலே விசிறி சுற்றியது. லவங்கப்பட்டை போட்ட ரொட்டி ஒன்றை, குறை கண்டுபிடிப்பதற்காகவே வாங்கினார். சூடாக இருந்தது. உள்ளே இன்னும் சூடாக, மெத்தென்று இருந்தது. வில்லோமூர் ரொட்டியில் பல்லை உடைத்துக்கொண்ட அத்தனை வருடங்களும் ஞாபகத்துக்கு வந்தன. இன்னொன்று வாங்கித் தின்றார். அதிலும் குறை கிடைக்கவில்லை. குப்பைத் தொட்டியாவது தூரத்தில் இருக்கும் என்று நம்பித் திரும்பினார். கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருந்தது.

நடுச் சதுக்கத்தில் மூன்று ஜந்துக்கள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தன. கட்டையில் ஏறி நடக்கும் ஒரு ரோபோ. இரண்டு தலை ஆந்தை ஒன்று. அதற்குப் பக்கத்தில், ஊதா நிறத்தில், குண்டாக, எட்டுக் கைகளோடு ஓர் ஆக்டோபஸ். ஜூன் மாத வெயிலில் நிற்கிறவனுக்கே நாக்கு தள்ளுகிறது, உள்ளே இருப்பவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

வெண்டெல் நிபுணர் அல்லவா, யோசித்தார். ரோபோவுக்குக் கட்டைக்கால் வித்தை தெரிய வேண்டும், கோரின் சைக்கிளிலிருந்தே விழுபவள். ஆக்டோபஸின் சுற்றளவைப் பார்த்தால் உள்ளே ஒரு கால்பந்து வீரன்தான் இருக்க முடியும். ஆந்தைதான் சரியான உயரம். அணிலுக்கு மேலே, கரடிக்குக் கீழே. சந்தேகமே இல்லை, ஆந்தைதான்.

ஆந்தையின் வரிசையில் போய் நின்றார். சும்மா நிற்க அவருக்கு வராது. பக்கத்தில் நின்ற ஆக்டோபஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்ன தையல்? உருளைக்கிழங்கு மூட்டையைத் தச்ச மாதிரி," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "எட்டுக் கை வெச்சு என்ன புண்ணியம்? ஒண்ணாவது ஒழுங்கா ஆடுதா?"

ஆக்டோபஸின் கைகள் எட்டும் மெல்லத் தொங்கிப்போயின. வெண்டெல் அதைக் கவனிக்கவில்லை. அவர் முறை வந்துவிட்டது.

ஆந்தையின் முன்னால் நின்றதும், வீட்டிலிருந்து தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு மறந்துபோயிற்று. அதன் சிறகைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீ எதுவும் பேச வேணாம். பேசக்கூடாது, எனக்குத் தெரியும். நான் மட்டும் பேசறேன். அன்னைக்கு அந்தத் தோல் பேச்சு பேசினேனே, அது உன்னை எடுத்துக்கிட்டவங்க மேல பொறாமைம்மா. நான் நேசிச்ச பார்க் உன்னை வேணாம்னு சொல்லிடுச்சு. நான் அவங்ககிட்ட சண்டை போட்டிருக்கணும். போடல. உங்கிட்ட போட்டேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை அவ்வளவு பேசறேனே, ஒவ்வொரு தடவையும் நீ எங்கியாவது உக்காந்து பாக்கறியோன்னுதான் பேசறேன்."

சொல்லிவிட்டு ஆந்தையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஆந்தை ஒரு நிமிடம் திகைத்து நின்றது. பிறகு சிறகால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு தகப்பன், "சீக்கிரம் முடிங்க பெரியவரே, ஆந்தை எங்களுக்கும் வேணும்," என்றான்.

அப்போதுதான் ஆக்டோபஸின் வயிற்றுக்குள்ளிருந்து, மூக்கடைத்த ஒரு குரல் வந்தது.

"அப்பா... அது டெரெல். நான் இங்க இருக்கேன்."

வெண்டெல் ஆந்தையை விட்டார். ஆந்தை, தப்பு தன்னுடையது இல்லை என்பதுபோல இரண்டு சிறகையும் விரித்துக் காட்டியது. அவர் ஆக்டோபஸைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சதுக்கமே திரும்பும்படி எழுந்தது.

"பேசிடுச்சு! ஆக்டோபஸ் பேசிடுச்சு! யாரங்கே மேலாளர்? பிள்ளைங்க நிக்கிற எடத்துல என்ன அக்கிரமம் இது!"

பெரிய கறுப்புக் கண்ணாடியும் தலையைச் சுற்றிய துண்டுமாக நின்ற அந்த அம்மாளின் ஒரு கையில் பாதி தின்ற லவங்கப்பட்டை ரொட்டி. கண்ணாடி முகத்தை மறைத்ததே தவிர, குரலை மறைக்கவில்லை. அந்தக் குரல் சனிக்கிழமை தவறாமல் பான்கேக் கடையில் கேட்கிற குரல். விதி என்றால் என்ன என்று அதற்குக் கற்றுக்கொடுத்ததே வெண்டெல்தான்.

வாக்கி-டாக்கியும் கையுமாக ஒரு இளம் மேலாளன் ஓடி வந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"இந்த ஜந்து பேசிச்சு. என் காதால கேட்டேன். புகார் எழுதிக்குங்க."

மேலாளனுக்கே மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அம்மா, அதுக்கு இன்னைக்கு இங்க கடைசி நாள். உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"கடைசி நாளா இருந்தா என்ன? விதி விதிதான்!"

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு வெண்டெலிடம் திரும்பினான். "சார், நீங்கதானே பக்கத்துல நின்னீங்க. ஏதாவது கேட்டுச்சா?"

ஆக்டோபஸ் அசையவில்லை. அந்த நொடியில் வெண்டெலுக்குப் பீட்சாக்காரரின் ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் பார்த்தது அணிலின் முகத்தை மட்டும்தான்.

தொப்பியைக் கழற்றினார்.

"எம் பேரு வெண்டெல் கிரப். எழுதிக்குங்க. வில்லோமூர் விசுவாசிகள் சங்கத் தலைவர்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "காரை விட்டு இறங்காம நம்ம தாரைத் திட்டின ஆளா நீங்க?" என்று மேலாளன் வாயைப் பிளந்தான். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. சாயங்காலத்துக்குள் கிஸ்ஸிம்மி முழுக்க இது தெரிந்துவிடும், வியாழக்கிழமைக் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று வெண்டெலுக்குப் புரிந்தது. இருந்தாலும் குரலை உயர்த்தினார்.

"நானேதான். வேஷம் போட்டவங்க ஒரு தும்மல் போட்டாக்கூட விடாத ஆளு நான். வில்லோமூர்ல ஒரு அணிலையே வீட்டுக்கு அனுப்பினவன். இந்த பார்க்குக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா? ஆக்டோபஸ் பேசல. ஆக்டோபஸ் பேசாது."

"சரி சார்," என்று எழுதிக்கொண்டு மேலாளன் அந்த அம்மாளிடம் திரும்பினான். "ஒருத்தர் பேசலைங்கறாரு, நீங்க பேசிச்சுங்கறீங்க. உங்க பேரையும் சொல்லுங்கம்மா, மேல அனுப்பிடறேன்."

கறுப்புக் கண்ணாடி, மீசையில்லாத அந்த முகத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தது. ரொட்டி பிடித்த கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவள் கழுத்தில் தொங்கிய காஸ்மோரா அட்டையை வெண்டெலும் அப்போதுதான் பார்த்தார். ஒரு நாள் அட்டை இல்லை அது. வருஷம் முழுக்க வந்துபோகிறவர்களுக்குத் தருகிற தங்க நிற அட்டை, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் வெண்டெல், மிகுந்த மரியாதையோடு. "நான் சொல்லிட்டேன். நீங்களும் கூச்சப்படாம சொல்லுங்க. எத்தனை போன் படம் எடுக்குது பாருங்க."

க்ளெண்டா துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எனக்கு... காது கொஞ்சம் சரியில்ல. அந்த ரோலர் கோஸ்டர் சத்தமா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்," என்றார் வெண்டெல். "தார் சரியில்லாத எடத்துல சத்தம் அதிகம்."

அவள் ரொட்டியைக் கீழே போடாமல், கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள். மேலாளன் எழுதியதைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகிற போக்கில் ஆக்டோபஸிடம், "டெக்சாஸ்ல வாயை மூடிக்கிட்டு இருக்கணும், ஆமா," என்று அடிக்குரலில் சொன்னான்.

வெண்டெல் மெல்ல ஆக்டோபஸின் முன்னால் போய் நின்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே டெரெலிடம் சொல்லித் தீர்த்துவிட்டார். கோரினாலோ இனி ஒரு வார்த்தை பேச முடியாது. ஆக்டோபஸ் கைகளை விரித்தது. எட்டில் எந்த இரண்டுக்குள் மகளின் கை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் சேர்த்து அள்ளிப் பிடித்துக்கொண்டார். அவற்றில் ஒன்று அவரைத் திருப்பிப் பிடித்தது. இன்னொன்று மேலே வந்து, மீசை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

"தையல் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் வெண்டெல்.